கீழ்நாட்டு டெண்டரும் குந்தா குளிரும்: மலையில் அரசுக்குச் சாமான் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூலையில் நீலகிரியின் குந்தா மலையில் மஞ்சூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வாரக்கணக்கில் வெயில் முகமே தெரியாது, மத்தியானம் மூன்று மணிக்கே வண்டிகள் லைட் போட்டுக்கொண்டுதான் வரும். அப்படிப்பட்ட இடத்துக்கு நான் முன்பு வேலை பார்த்த அலுவலகம் சோலார் தெருவிளக்கு வாங்கியது. வாங்கியது தப்பில்லை, ஸ்பெசிபிகேஷனை, அதாவது பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரத்தை, எங்கிருந்து எடுத்தோம் என்பதுதான் தப்பு. சமவெளியில் யாரோ போட்ட பழைய டெண்டரை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினோம். ஓரிடத்தில் அதையும் மாற்ற மறந்துவிட்டோம்.

முதல் தவறு இதுதான், பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது. பேட்டரி மேல் அச்சிட்ட திறன் பெரும்பாலும் 25, 27 டிகிரி வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரியில் லெட்-ஆசிட் பேட்டரி அவ்வளவு தராது. லித்தியம் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே போன நேரத்தில் சார்ஜ் ஏற்றினால் செல்லே கெடும். ஆகவே 'இத்தனை வாட் விளக்கு' என்று எழுதி நிறுத்தாமல், வெயிலே இல்லாமல் எத்தனை ராத்திரி எரிய வேண்டும், எவ்வளவு குளிரில் எரிய வேண்டும் என்று எழுதுங்கள். ஜெனரேட்டரும் அப்படித்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று மெலிசு, டர்போ இல்லாத டீசல் எஞ்சின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். கீழே சரியாக ஓடிய அதே மாடலை இங்கே கொண்டுவந்து ஆஸ்பத்திரி லோடைக் கொடுத்தால் மூச்சு வாங்கும்.

ஆளையும் பார்த்து வாங்க வேண்டும். காலம் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்த அம்மாவின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? தேய்ந்து, கறை ஏறி, ரேஷன் கடை மெஷினில் நான்கு தடவை வைத்தாலும் விழாது. சிக்னல் இல்லாத ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். கைரேகைக் கருவி வாங்கும்போது கருவிழிக்கும் வழி வைத்திருக்கிறோமா, நெட் இல்லாமல் ஓடுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பத்துக் கருவியை எஸ்டேட் லைனுக்கு, தொழிலாளர் குடியிருப்புக்கு, எடுத்துப் போய் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. கொட்டேஷன் கொடுக்க வந்தவரிடமே 'சார், நீங்களே ஸ்பெக் எழுதிக் கொடுத்துடுங்க' என்பது. அவர் தன் கம்பெனி மாடலின் நீள அகலத்தை மில்லிமீட்டர் மாறாமல் எழுதிக் கொடுப்பார், வேறு யாரும் உள்ளே வர முடியாது, அப்புறம் கோப்பு புகாராகத் திரும்பி வரும்.

எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவர், என்ற ஒரு வார்த்தையில் ஏமாறுவது அடுத்தது. குறைந்த விலைக்குக் கொடு என்றுதான் விதி, சரி. ஆனால் எதன் விலை? பொருளின் விலை மட்டுமா, ஐந்து வருஷம் ஓட்டும் விலையா? சர்வீஸ் ஆள் கோவையில் இருப்பார். மேட்டுப்பாளையம் தாண்டி பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு பியூஸ் மாற்ற வருவாரா? மழையில் மண் சரிந்து ரோடு மூடினால் வரவே முடியாது. எனவே ஏஎம்சி என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், உதிரி பாகம், பழுது சொன்னால் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், வராவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்பதையெல்லாம் டெண்டர் ஆவணத்திலேயே போட்டு, பராமரிப்புச் செலவையும் சேர்த்தே விலை ஒப்பிடுங்கள். டெண்டரைத் திறந்து பார்த்த பிறகு புதிதாக நிபந்தனை சேர்க்க முடியாது. அட்மின் பாஸ்வேர்டும் தரவும் அலுவலகத்துக்குச் சொந்தம் என்ற வரியை மறந்துவிட்டு, சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை என்று பின்னால் புலம்புகிறவர்கள் நிறைய.

மார்ச் மாத அவசரம் எல்லா ஊரிலும் உண்டு, மலையில் அது இரட்டைக் கஷ்டம். 31-க்குள் பணத்தைச் செலவு செய்ய வேண்டும் என்று ஓடி ஆர்டர் போட்டால் சரக்கு ஏப்ரல், மே மாதத்தில் வரும். அது சீசன். லாரி டிராபிக்கில் நிற்கும், மாட்ட வரும் ஆளுக்குத் தங்க ரூம் கிடைக்காது. ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும், பெட்டி வராந்தாவில் நனையும், வாரன்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வாரன்டி டெலிவரி தேதியிலிருந்து இல்லை, மாட்டி ஓடவிட்ட தேதியிலிருந்து என்று எழுதிவிடுங்கள். இன்னொன்று, 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) ஒளிவுமறைவின்மைச் சட்டத்தின் விதிகள்படி 2 கோடி ரூபாய் வரை 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் டெண்டர் போட அவகாசம் தர வேண்டும். அந்த நாட்களைக் கழித்துப் பார்த்தால், நவம்பரிலேயே கோப்பை நகர்த்தினால்தான் உண்டு. நேரமில்லை என்று வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, டெண்டர் இல்லாமல் கொட்டேஷனில் முடிப்பவர்களைத் தணிக்கை பிடிக்கும், அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, எதை எண்ணுகிறோம் என்பது. நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கான இ-பாஸ் 2024 மே 7-இல் தொடங்கியபோது கேட்ட எல்லோருக்கும் கிடைத்தது. எத்தனை பாஸ் கொடுத்தோம் என்ற எண் நன்றாகத்தான் இருந்தது, நெரிசல் அப்படியே இருந்தது. 2025 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வந்தது. என்னைக் கேட்டால், முதல் வருஷத்தில் வண்டிக் கணக்காவது கையில் கிடைத்தது, அது வீணில்லை. ஆனால் அறிக்கை எழுதும்போது கொடுத்த பாஸையும் குறைந்த நெரிசலையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளக் கூடாது. காசு போட்டால் குடிதண்ணீர் தரும் வாட்டர் ஏடிஎம்மும் அப்படித்தான், வைத்த எண்ணிக்கை வேறு, இன்று தண்ணீர் வரும் எண்ணிக்கை வேறு.

எங்கள் சோலார் விளக்குக்கும் தணிக்கை வந்தது. வந்தவர் ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்தார், கம்பங்களை எண்ணினார், கணக்கு சரியாக இருந்தது, ஒரு ஆட்சேபணையும் இல்லை. அவர் பகலில்தான் வந்திருந்தார்.