பின்பக்கத் தகட்டைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்

பழைய அம்ப்ளிபயர் ஒன்றை இணையத்தில் தேடியபோது ஆக மலிவான விளம்பரம் கொழும்பிலிருந்து வந்தது. முற்பணத்தை வங்கியில் போட்டால் விற்பவர் பஸ்ஸில் ஏற்றிவிடுவாராம். சாமான் உண்மையில் கையில் இருக்கிறதா என்று பார்க்க, சரி, வொலியூம் குமிழை நடுவுக்குத் திருப்பி வைத்து இப்போதே ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ என்றேன். அதோடு ஆளைக் காணோம்.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒருவர் நேரே வந்து பார்க்கச் சொன்னார். பாட்டு நன்றாகத்தான் போனது. ஆனால் பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட், 180 வாட் என்றிருந்தது. ஜப்பானில் பாவித்த சாமான். நம்முடைய 230 வோல்ட்டில் நேரே செருகினால் உள்ளே கருகிவிடும். மேசைக்குக் கீழே, வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் ஒன்றை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். விளம்பரத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. விலையிலும் சேர்த்தி இல்லையாம். “அண்ணை, அது இல்லாமல் இது வெறும் பெட்டிதானே” என்றேன். டிரான்ஸ்போமர் 300 வாட் தாங்கக்கூடியது, அம்ப்ளிபயருக்குத் தாராளம். கொஞ்சம் முனகிவிட்டு அதே விலைக்கு இரண்டையும் தந்தார்.

கூடவே ஸ்பீக்கர் சோடி ஒன்றையும் காட்டினார். முன்வலையைக் கழற்றினால், கூம்பைச் சுற்றியிருந்த பஞ்சு விளிம்பு விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. “ஜப்பான் ஒரிஜினல் தம்பி” என்றார். ஒரிஜினல்தான், அந்தப் பழைய பஞ்சை மாற்றவே இல்லை, அதனால்தானே உதிர்கிறது! அதை விட்டுவிட்டு வந்தேன்.