நேபாள மலைக் கிராமங்களில் பள்ளி கட்டத் தன்னார்வலராகச் செல்வோருக்கு

2015 ஏப்ரல் 25 அன்று, நண்பகலுக்குச் சற்று முன்னர், நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தை மையமாகக் கொண்டு 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். 7,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் இடிந்தன அல்லது சேதமடைந்தன. அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் அதுவே வார விடுமுறை என்பதால் வகுப்பறைகள் காலியாக இருந்தன. ஒரு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ அதே அதிர்வு வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது. 2023 நவம்பரில் மேற்கே ஜாஜர்கோட் பகுதி மீண்டும் குலுங்கியது. 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர், அங்கும் பள்ளிகள் சேதமடைந்தன. ஆகவே இந்த மலைகளில் பள்ளி கட்டுவது இன்னும் முடியாத வேலை. அதில் கைகொடுக்க விரும்பும் தமிழர்கள் புறப்படுவதற்கு முன்னரும், போய்ச் சேர்ந்த பின்னரும் கவனிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கல் சுவர் எழுப்பத் தெரிந்தவர்கள் அந்தக் கிராமங்களிலேயே இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவரும் கொத்தனார்களுக்கு நாம் போய்க் கற்றுத்தர எதுவும் இல்லை. நிலநடுக்கத்தைத் தாங்கும் முறைகளில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப் பொறியாளர்களும் இருக்கிறார்கள். குறைவது பெரும்பாலும் பணமும், பாரம் சுமக்கும் கைகளும்தான். ஊரின் இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்டதால், கல்லும் மணலும் தண்ணீரும் சுமக்க ஆள் கிடைக்காத ஊர்கள் உண்டு. எனவே நீங்கள் போவதானால் சித்தாளாகப் போகிறீர்கள் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு உடன்பட முடியாதவர், பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு ஊரிலேயே இருப்பது அந்தப் பள்ளிக்கு அதிகம் பயன்படும்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த அமைப்பிடம், அந்த ஊரில் ஒரு கொத்தனாருக்கும் ஒரு சித்தாளுக்கும் நாள் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் விமானக் கட்டணம், அமைப்புக்குக் கட்டும் தொகை, தங்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டி அந்தக் கூலியால் வகுத்தால், உங்கள் பயணச் செலவில் எத்தனை ஆள் நாள்களுக்குக் கூலி கொடுத்திருக்கலாம் என்பது தெரியும். (1993 முதல் 1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மதிப்பு இருப்பதால் இந்தக் கணக்கு எளிது.) இரண்டு வாரப் பயணமாக இருந்தால் விடை பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக வராது. இரண்டு மூன்று மாதம் தங்கக்கூடியவர்களுக்கும், சிவில் பொறியியல், கம்பி கட்டுதல், மின்பணி, குழாய்ப்பணி போன்றவற்றில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கும் கணக்கு மாறும்.

அடுத்தது, எந்தப் பள்ளிக்காகப் போகிறோம் என்பது. ஒரு கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்பதை உள்ளூரில் பள்ளி நிர்வாகக் குழுவும், 2015 அரசியலமைப்பின்படி பள்ளிக் கல்வியின் பொறுப்பைப் பெற்ற ஊராட்சி மன்றமான காவ்பாலிகாவும்தான் தீர்மானிக்க வேண்டும். அவை இரண்டும் கேட்டுக்கொண்டதற்கான எழுத்துச் சான்று இருக்கிறதா என்று அமைப்பிடம் கேளுங்கள். நிலம் பள்ளியின் பெயரில் இருப்பதைக் காட்டும் லால்புர்ஜா என்னும் பத்திரத்தையும் கேளுங்கள். தனியார் நிலத்தில் எழும்பிய பள்ளி, நிலத்துக்காரர் மனம் மாறினால் வழக்கில் சிக்கும். கட்டட வரைபடத்துக்கு அரசின் ஒப்புதல் உண்டா என்பதும், 'தர்பந்தி' எனப்படும் ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை ஒதுக்கப்பட்டுள்ளன என்பதும் தெரிய வேண்டும். மாணவர் எண்ணிக்கையைத் தவறாமல் கேளுங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலை மாவட்டங்கள் பலவற்றில் மக்கள்தொகை குறைந்திருந்தது. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை அரசு அருகிலுள்ள பள்ளிகளோடு இணைத்து வருகிறது. மூடப்படவிருக்கும் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டுவது அந்த ஊருக்குச் செய்யும் உதவி ஆகாது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் அமைப்பை விட்டு விலகிவிடுங்கள்.

நல்ல முறைகளுக்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. பில்ட்ஆன் என்ற அமைப்பு, வேலை தொடங்கும் முன்பே கிராமத்தாருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, நிலத்தையும் உடலுழைப்பையும் ஊரார் தரவும், அந்த உழைப்பில் ஆண்களும் பெண்களும் சமமாகப் பங்கேற்கவும் ஏற்பாடு செய்கிறது. ஆல் ஹேண்ட்ஸ் அண்ட் ஹார்ட்ஸ் என்ற பேரிடர் உதவி அமைப்பு 2015க்குப் பின் நேபாளத்தில் பள்ளிகளைத் திரும்பக் கட்டியபோது, தன்னார்வலர்களிடம் பங்கேற்புக் கட்டணம் வாங்கவில்லை. எந்த வெளிநாட்டு அமைப்பானாலும் நேபாள அரசின் சமூக நல மன்றத்துடன் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். பள்ளி கட்டும் பயணத்தோடு ஓர் அநாதை இல்லத்தில் சில நாள்களையும் சேர்த்து விற்பவர்களிடம் போகவே வேண்டாம். காத்மாண்டு, போக்கரா, சித்வான் போன்ற சுற்றுலாப் பகுதிகளிலேயே அத்தகைய இல்லங்கள் பெருகியிருப்பதும், அங்குள்ள பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருப்பதும் ஏற்கெனவே வெளிவந்த உண்மைகள்.

இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ காட்டலாம், ஆனால் ஆதாரை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு உடையவர்கள், சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத வேலை செய்வதற்கும் அனுமதி இல்லை என்பதை அறிந்து, உரிய விசாவுக்கு அமைப்பு என்ன ஏற்பாடு செய்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மண்சரிவால் சாலைகள் அடைபடும், ஊராரும் நெல் நடவில் இருப்பார்கள். தசாயின், திஹார் பண்டிகைகள் முடிந்த பிறகு, நவம்பர் முதல் மே வரை போவதே சரி. டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ (ஒருவகை மஞ்சள் காமாலை), டெட்டனஸ் தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் அந்தச் செலவையும் ஏற்கும் காப்பீடாகப் பார்த்து எடுங்கள்.

வேலைத்தளத்தில் காலையில் தேநீர், பத்து மணியளவில் பருப்பும் சோறும், பிறகு வெயில் சாயும் வரை வேலை என்பதுதான் வழக்கம். ஜீப் வரும் இடத்திலிருந்து சிமெண்ட் மூட்டைகளைக் கோவேறு கழுதைகளும் மனிதர்களும் ஏற்றுகிறார்கள். டோக்கோ என்னும் கூம்புக் கூடையை முதுகில் தாங்கி, அதன் நாம்லோ பட்டையை நெற்றியின் மேற்பகுதியில் மாட்டிச் சுமக்கும் முறை பார்வைக்கு எளிதாகத் தெரியும். பழகாத கழுத்துக்கு அது ஆபத்து. பாதிக் கூடையில் தொடங்குங்கள். கொத்தனாரைத் தாஜு என்றும், வேலைக்கு வரும் பெண்களைத் தீதி என்றும் அழையுங்கள்; நாம் அண்ணன், அக்கா என்று கூப்பிடுவதைப் போன்றதுதான்.

கட்டுமானத்தில் எது உயிரைக் காக்கிறது என்பது தெரிந்திருந்தால், சித்தாள் வேலையையும் பொறுப்போடு செய்வீர்கள். மண் சாந்தில் அடுக்கிய பழைய கல் சுவர்கள் 2015இல் விழுந்ததற்குக் காரணம், சுவரின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனி அடுக்குகளாக நின்று பிளந்துகொண்டதும், மூலைகளில் சுவர்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததும்தான். அதைத் தடுக்க, சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே கிடக்கும் நீளக்கல்லை உயரத்தில் ஒவ்வொரு 60 செ.மீ.க்கும், கிடையாக 1.2 மீட்டருக்குள் ஒன்றும் வைக்கிறார்கள். அத்தகைய கல் எளிதில் கிடைக்காது. கற்குவியலில் அதைத் தேடிப் பிரித்துத் தனியே வைப்பது ஒரு தன்னார்வலர் நாள் முழுவதும் செய்யத்தக்க, உண்மையிலேயே பயனுள்ள வேலை. அடுத்து, அடித்தளம், ஜன்னலின் அடிமட்டம், கதவு ஜன்னல்களின் மேல்மட்டமான லிண்டல், கூரைமட்டம் ஆகியவற்றில் கட்டடத்தைச் சுற்றிலும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டைகள் வருகின்றன. அவற்றில் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பிகளின் முனை 135 பாகை உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வேகமாக முடிக்கும் ஆசையில் 90 பாகையில் விட்டுவிட்டால், அதிர்வின்போது ரிங் விரிந்து கம்பி வெளியே துருத்திக்கொள்ளும். கம்பி வளைக்கும் பலகையில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால் ஒவ்வொரு முனையையும் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஐயம் வந்தால் கொத்தனாரிடம் காட்டுங்கள்.

கான்கிரீட் போட்ட மறுநாள் எல்லோருடைய ஆர்வமும் வடிந்துவிடும். அப்போதுதான் நீங்கள் மிகவும் தேவைப்படுகிறீர்கள். குறைந்தது 7 நாள் பட்டைகள் ஈரமாக இருக்க வேண்டும். ஊற்று தொலைவில் இருக்கும் மலையில் அதற்குத் தண்ணீர் சுமப்பதுதான் கடினம். சாக்கை நனைத்துப் போர்த்தி, காலையிலும் மதியத்திலும் மாலையிலும் நீர் ஊற்றுங்கள். இரவில் உறைபனி விழும் உயரமானால், பட்டைகளின் மீது வைக்கோலையும் தார்ப்பாயையும் போர்த்த வேண்டும். வந்தவர்களைப் படம் எடுத்து அனுப்புவதில் காட்டும் அக்கறையை, தண்ணீர் ஊற்றுவதற்கு அட்டவணை போடுவதில் காட்டாத குழுக்கள் உண்டு. அத்தகைய குழுவில் இருந்தால் அந்த அட்டவணையை நீங்களே எழுதி ஒட்டுங்கள்.

வேலை நடக்கும் பக்கத்திலேயே தற்காலிகக் கொட்டகையில் வகுப்புகள் நடக்கலாம். ஆசிரியர் அழைக்காமல் வகுப்புக்குள் போகவோ, பெற்றோரின் இசைவில்லாமல் பிள்ளைகளின் படத்தை இணையத்தில் இடவோ கூடாது. மிட்டாயும் பேனாவும் கையில் கொடுப்பதைவிட, ஆசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு அவர் வழியாகவே கொடுப்பது முறை.

புறப்படும் முன் பள்ளி நிர்வாகக் குழுவோடு உட்கார்ந்து, மீதமுள்ள வேலைகள் எவை, அவற்றுக்குப் பணம் எங்கே இருக்கிறது, மழைக்காலத்துக்கு முன் தகரக் கூரையின் திருகாணிகளை இறுக்குவது யார் பொறுப்பு, கழிப்பறைக்குத் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வரும் என்பவற்றைக் கேட்டு எழுதி, ஒரு நகலை அவர்களிடமும் மற்றொன்றை அமைப்பிடமும் கொடுங்கள். பெண் குழந்தைகளுக்கான தனிக் கழிப்பறை அந்தப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தால், நீங்கள் ஊர் திரும்பித் திரட்டும் முதல் தொகையை அதற்கு அனுப்புங்கள்.