பெரிய சாமி, சின்ன சாமி: ஒரே இல்லத்தில் வாழும் குருக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் மாற்றல் பட்டியல் வந்ததும் கத்தோலிக்கக் குருக்கள் வாழும் பங்கு இல்லங்களில் பெட்டி இறக்கும் சத்தம் கேட்கும். புதிதாகக் குருவாகத் திருநிலைப்பாடு பெற்ற தம்பிகள் உதவிப் பங்குத்தந்தையாக வந்து இறங்குவார்கள். மக்கள் வாயில் பங்குத்தந்தை பெரிய சாமி, உதவியாளர் சின்ன சாமி. குருவாகப் பயிலும் குருமடத்தில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் படுத்தவர்கள். இங்கே மணி அடிக்க ஆளில்லை. ஆகஸ்டு பிறப்பதற்குள், அந்த வயதில் நாங்கள் ஆடிய அதே கூத்தை அவர்களும் ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

குடி, கோயில் பணத்தில் கைவைப்பது மாதிரியானவற்றை இங்கே எழுதப் போவதில்லை. தப்பென்று தெரியாமல் அதை யாரும் செய்வதில்லை. செபிக்கிறவர்கள், உழைக்கிறவர்கள், மொத்தத்தில் நல்லவர்கள் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

“குழு வாழ்வு துறவிகளுக்குத்தானே?”

சேசு சபைக்காரர்களும் சலேசியர்களும் கூடி வாழட்டும், நான் ஆயரின் கீழ் பணி செய்யும் மறைமாவட்டக் குரு, எனக்கு என் அறை போதும் என்று ஒரு நினைப்பு. துறவிகள் கடவுளுக்குத் தரும் வார்த்தைப்பாடு நமக்கு இல்லை என்பது சரிதான். ஆனால் குருக்களின் பணியையும் வாழ்வையும் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட ஏட்டின் 8ஆம் எண்ணைப் பாருங்கள். குருக்கள் ஏதோ ஒரு வகையில் கூடி வாழட்டும் என்கிறது. ஒரே வீடாக இருக்கலாம், முடியாத இடத்தில் ஒரே சாப்பாட்டு மேசையாக இருக்கலாம், அதுவும் முடியாவிட்டால் அடிக்கடி கூடுவதாவது இருக்கலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 280ஆம் சட்டத்தில் இதையே பரிந்துரைக்கிறது. பங்குத்தந்தையும் உதவியாளரும் இல்லத்தில் கூடி வாழும் பழக்கத்தை வளர்ப்பது ஆயரின் பொறுப்பு என்று 550ஆம் சட்டம் சொல்கிறது. எனவே இது உங்கள் விருப்பப் பாடம் அல்ல.

வீட்டுப் பேச்சை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோவது

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன். இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

மாலைத் திருப்பலி முடியும். சின்ன சாமி வண்டியை எடுக்கப் போவார். வேப்பமரத்தடியில் மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் அன்பியம் என்ற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக் குழுவுக்குப் பொறுப்பாளர், ஒருவர் பாடகர் குழு, மூன்றாமவர் போன வருடத் திருவிழாக் கமிட்டியில் இருந்து இந்த வருடம் பெயர் விடுபட்டவர். இந்த மூன்றாமவர் எல்லாப் பங்கிலும் இருக்கிறார். குரலைத் தாழ்த்தி, “சாமி, ஒங்ககிட்ட மட்டும் சொல்றோம்” என்று தொடங்குவார்கள். பெரிய சாமி யாரையும் கலந்துக்கிறதில்லை, வரவு செலவு வாசிக்கல, நீங்க வந்த பிறகுதான் கோயிலுக்கே உயிர் வந்திருக்கு. அந்தக் கடைசி வாக்கியம்தான் தூண்டில். இருபத்தெட்டு வயதில் அதை விழுங்காமல் இருப்பது கஷ்டம்.

ஒரு பங்கில் நடந்தது. திருவிழா கடைசி நாள் அசனம், அதாவது ஊர் விருந்து. வழக்கமாக இளைஞர்கள்தான் விடிய விடிய நின்று சமைப்பார்கள். அந்த வருடம் பங்குத்தந்தை வெளியில் ஒரு சமையல் காண்டிராக்டரிடம் கொடுத்துவிட்டார். முந்தைய வருடம் ஒரு பையன் கொதிக்கும் அண்டாவைத் தூக்கும்போது காலில் கொட்டிக்கொண்டதுதான் காரணம். ஆனால் அந்தக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, கூடவே இருந்த உதவிப் பங்குத்தந்தையிடமும் சொல்லவில்லை. இளைஞர்கள் சின்ன சாமியிடம் போனார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கும் பிடிக்கலப்பா. சொன்னா அவர் கேக்க மாட்டார்.”

காலையில் அது ஊர் முழுக்க “சின்ன சாமியே சொல்லிட்டாரு” என்று ஆகிவிட்டது. கொடியேற்றத்துக்கு ஒரு தரப்பு வரவில்லை. தேர் தூக்க ஆள் குறைந்தது. ஆயர் இல்லத்துக்கு மொட்டைக் கடிதங்கள் போயின, இரண்டு பேர் மீதும். அடுத்த மே மாதத்தில் இருவருக்கும் மாற்றல். அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் அந்தக் கோயிலில் காலைப் பூசைக்கு ஒரு பாடகர் குழு, மாலைப் பூசைக்கு இன்னொரு பாடகர் குழு என்று பிரிந்தது பிரிந்ததுதான். அடுத்தடுத்து வந்த குருக்கள் யாரைக் கூப்பிட்டுப் பேசினாலும், நீங்க எந்தப் பக்கம் என்ற கேள்விதான் முதலில் வந்தது.

இதில் சின்னவரை மட்டும் திட்ட எனக்கு மனமில்லை. இரவு எட்டு மணிக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறார்கள். பெரியவர் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டு, சின்னவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு. “ஏன் ஃபாதர் காண்டிராக்டருக்குக் குடுத்தீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அண்டா கதை வந்திருக்கும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். திட்டமிட்ட பணிகளையும் நடக்கும் பணிகளையும் பற்றி உதவியாளர் பங்குத்தந்தையிடம் தவறாமல் பேச வேண்டும் என்கிறது 548ஆம் சட்டம். அதைக் காட்டி உதவியாளர்களை மிரட்டும் பெரியவர்கள் 545ஐயும் படிக்க வேண்டும். உதவியாளர் பங்குத்தந்தையின் உடனுழைப்பாளர், இருவரும் கலந்து பேசித்தான் பணி செய்ய வேண்டும் என்று அங்கே இருக்கிறது. கோயில் வேலை பார்க்கும் கோயில் பிள்ளைக்குத் தெரிந்த முடிவு கூட இருக்கும் குருவுக்குத் தெரியவில்லை என்றால் அவர் வேப்பமரத்தடிக்குப் போகாமல் என்ன செய்வார்?

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார் தம் குருக்களோடு ஒரே வீட்டில், ஒரே மேசையில் வாழ்ந்தவர். கூடவே இருந்து பின்னர் அவருடைய வரலாற்றை எழுதிய ஆயர் பொசிதியுஸ் ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். இல்லாதவர்களைப் பற்றிப் புறம் பேசுகிறவனுக்கு இந்த மேசையில் இடமில்லை என்ற பொருளில் இரண்டு வரிச் செய்யுளை அகுஸ்தினார் சாப்பாட்டு மேசையில் எழுதி வைத்திருந்தாராம். ஒருமுறை அவருக்கு நெருக்கமான ஆயர்கள் சிலரே அதை மீறினார்கள். ஒன்று இந்த வரிகளை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து என் அறைக்குப் போய்விடுவேன் என்று கடிந்துகொண்டார். அந்த மேசையில் வெள்ளியில் இருந்தது கரண்டி மட்டும்தான், மற்ற பாத்திரங்கள் மண்ணிலோ மரத்திலோ பளிங்கிலோ செய்தவை என்றும் பொசிதியுஸ் எழுதுகிறார். பாத்திர விஷயத்தில் அவர் எளிமையானவர். பேச்சு விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, வேப்பமரத்தடியில் நிற்பவர்களிடம் என்ன சொல்வது? “வாங்க, எல்லாருமா உக்காந்து ஃபாதர்கிட்டயே பேசுவோம்.” பாதிப் பேர் அங்கேயே கலைந்துவிடுவார்கள். மிச்சப் பேருக்கு உண்மையாகவே குறை இருக்கிறது என்று அர்த்தம். அன்றிரவே மேசையில், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுருங்கினாலும் சொல்லுங்கள். அப்புறம் வாரத்தில் ஒரு நாள், கைப்பேசி இல்லாமல், நாட்குறிப்பை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். அறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். நானும் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் வீட்டு ரகசியம் ஆகாது. அத்தகைய குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். திருச்சபை அதிகாரியிடம் தெரிவிக்கும் கடமையை 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் குருக்கள், துறவியர் அனைவருக்கும் சட்டமாகவே ஆக்கினார். மேசையில் பேசிக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கவர்

மறைமாவட்டக் குருவுக்கு ஏழ்மை வார்த்தைப்பாடு கிடையாது, தன் ஊதியம் தன்னுடையது. குழப்பம் மக்கள் காணிக்கை வைத்துத் தரும் கவரில்தான் தொடங்கும். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் போன்ற பங்குப் பணிகளின்போது மக்கள் தரும் காணிக்கை, குருவுக்கென்றே கொடுத்தது தெளிவாகத் தெரிந்தால் தவிர, பங்குக் கணக்கில்தான் சேர வேண்டும் (சட்டம் 531). ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைத்தால், கிறிஸ்து பிறப்பு நாளைத் தவிர, ஒரு பூசைக் காணிக்கையை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் (சட்டம் 951). யாருடைய கவர் கனமாக இருந்தது என்ற சந்தேகம் வந்த வீட்டில் சிரிப்பு நின்றுவிடும்.

அகுஸ்தினாரின் வீட்டு விதி இதைவிடக் கடுமையானது. அங்கே யாருக்கும் சொந்தச் சொத்து கூடாது. கூடவே வாழ்ந்த சனுவாரியுஸ் என்ற குரு, ஒன்றுமில்லாதவர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, சாகும்போது தம் பணத்துக்குத் திருச்சபையையே வாரிசாக்கி உயில் எழுதிவிட்டுப் போனார். மகனும் மகளும் இருந்தார்கள். அகுஸ்தினார் அந்தப் பணத்தைத் தொட மறுத்தார். மக்கள் முன்னாலேயே விஷயத்தைப் போட்டு உடைத்து, மற்றக் குருக்களின் கணக்கையும் விசாரித்து அடுத்த மறையுரையில் சொன்னார். நம்மில் எத்தனை பேர் அதைத் தாங்குவோம்?

அவரவர் கைப்பேசியில் திருப்புகழ்மாலை

குருக்கள் தினமும் சொல்லும் திருப்புகழ்மாலைச் செபத்தை ஐந்து வேளையும் கூடிச் சொல்ல முடியாது, தெரியும். இரவுச் செபத்தை மட்டுமாவது சேர்ந்து சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகாது. கோபத்தோடு ஒருவர் அல்லேலூயா சொல்ல மற்றவர் பதில் சொல்வது வேடிக்கையாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

சமையற்காரம்மாவிடம் குறை சொல்லி அனுப்புவது

கூடாது.

“இன்னிக்கு வெளியில சாப்டுக்கிறேன்”

வாரத்தில் ஒருநாள் சரி. தினமும் என்றால் நீங்கள் லாட்ஜில் இருக்கிறீர்கள்.

மாற்றலான பிறகும் பழைய பங்கை விடாமல் பிடித்துக்கொள்வது

அங்கே இப்போது இருக்கும் குருக்களின் இல்லத்தில் நீங்கள் ஆளே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். பழைய இளைஞர் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறுங்கள். “நீங்கதான் சாமி கட்டிவைக்கணும்” என்று திருமணத்துக்குக் கூப்பிட்டால், முதலில் அங்கே இருக்கும் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அவரோ ஆயரோ அதிகாரம் தராமல் இன்னொரு பங்கில் போய் நீங்கள் நடத்திவைக்கும் திருமணம் திருச்சபைச் சட்டப்படி செல்லாது. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், திருமணப் பதிவேட்டோடு அது இருக்கட்டும்.