அட்டவணையை ஓரமாக வையுங்கள், கொப்பியை எடுங்கள்: ஓ.எல். பிள்ளைகளுக்கு நேரக் கணக்கு

இலங்கையின் ஹட்டனில், ஓ.எல். எனும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் ஆசிரியை நான். புதிய தவணை தொடங்கினால் பிள்ளைகள் ஆளுக்கொரு நேர அட்டவணையோடு வருவார்கள். மூன்று நிறப் பேனை, அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு, முதல் வரியில் 'காலை 4.00 எழும்புதல்'. அந்த அட்டவணைகளில் தண்ணீர் பிடிக்கும் நேரம் இருக்காது. தம்பியை முன்பள்ளியிலிருந்து கூட்டி வரும் நேரம் இருக்காது. மழை நாளில் பஸ் பிந்துவதும் இருக்காது. வேறு யாரோ ஒரு பிள்ளைக்குப் போட்ட அட்டவணை அது.

ஆகவே திட்டம் போடுவதற்கு முன் கணக்கெடுங்கள். ஒரு கொப்பியில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற உங்கள் ஊகத்தை இடது பக்கமும், உண்மையில் ஆனதை வலது பக்கமும் ஒரு வாரம் எழுதுங்கள். வரலாற்றுக் குறிப்புக்கு 20 நிமிடம் என்பீர்கள், 45 ஆகியிருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பு அதே வேலையைச் செய்து பார்த்தவர்கள்கூட அடுத்த முறை நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இலேயே எழுதிவிட்டார்கள். அடுத்த வாரம் வலது பக்க எண்ணை மட்டும் நம்புங்கள்.

பிறகு, உங்கள் கையில் இல்லாத நேரங்களைக் கழியுங்கள்: 7.30 முதல் 1.30 வரை பாடசாலை, பஸ், வீட்டு வேலை, தூக்கம். தூக்கத்தில் கை வைக்காதீர்கள். பதின்ம வயதில் உடலின் உள் கடிகாரமே பிந்தித்தான் ஓடும். 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கமும் வேண்டும். பதினொரு மணிக்குப் படுத்த பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பிவிட்டுப் பெருமைப்படும் பெற்றோர் எங்கள் பக்கம் நிறைய. அந்தப் பிள்ளை என் வகுப்பில்தான் தூங்குகிறது.

மீதி, மாலையில் இரண்டு மணித்தியாலம் தேறும். போன் எட்டாத இடத்தில் இருந்தால் அது போதும். தோட்டத்து லய அறையில் எட்டாத இடம் எங்கே என்று கேட்பீர்கள். சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். எடுக்கப் போனால் கை கூசுகிறதாம்.

ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இவ்வளவும் போதாது. அது மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. நேரம் கடந்துபோவது அவர்களுக்கு உள்ளுக்குள் தெரிவதில்லை என்பார் அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி. உள்ளே தெரியாததைக் கண்ணெதிரே வைக்க வேண்டும். என்னிடம் படிக்கும் பையன் ஒருவனுக்கு, வீட்டிலிருந்த முள் கடிகாரத்தின் கண்ணாடி ஓரத்தில் 12 முதல் 3 வரை சிவப்பு டேப், 3 முதல் 4 வரை நீல டேப் ஒட்டினோம். பெரிய முள் சிவப்பில் இருக்கும்வரை கணக்கு. நீலத்துக்கு வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்வரலாம். எண் கடிகாரம் இதற்கு உதவாது. 5.08 என்று பார்த்தால் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியர் தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய 25 நிமிட முறை பிரபலமானது. என் அனுபவத்தில் இப்பிள்ளைகளுக்கு 25 அதிகம். பத்தில் தொடங்கினாலும் தவறில்லை.

அடுத்தது, தொடங்குவது. அவர்களுக்கு அதுதான் மலை. "கணிதம் படி" என்றால் அசையமாட்டார்கள். "கொப்பியைத் திற, முதல் வினாவை மட்டும் பார்த்து எழுது" என்றால் கை நகரும். பக்கத்தில் ஒருவர் இருப்பதும் உதவும். அந்தப் பையனின் பாட்டி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாடம் கேட்கமாட்டார், பேசவும் மாட்டார். அவர் எழுந்து போனால் இவனும் எழுந்துவிடுகிறான்.

"குளி, சாப்பிடு, பையை அடுக்கு" என்று மூன்றை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒன்று முடிந்தபின் அடுத்தது. புத்தகப் பை, சப்பாத்து, பஸ் காசு எல்லாம் இரவே கதவோரம் வந்துவிட வேண்டும்.

துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். 12 வயதுக்கு முன்பே, வீட்டிலும் பாடசாலையிலும் அறிகுறிகள் தெரிந்திருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார். அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டக் கட்டணமில்லை. முதலில் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். மருந்து வேண்டுமா என்பதை வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்; பக்கத்து வீட்டாரிடம் கேட்காதீர்கள்.

பரீட்சைக்கும் இதே கணக்குத்தான். விஞ்ஞானம் முதலாம் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். முழுத்தாளை ஒரேயடியாகச் செய்து பழகவேண்டாம். பத்து வினா, 15 நிமிடம் என்று செய்யுங்கள். சிவப்பு டேப்புக்கும் அதே அளவுதான். பிந்தினால் எந்த வினாவில் சிக்கினீர்கள் என்று ஓரத்தில் குறித்துவிட்டு, அடுத்த பத்துக்குப் போங்கள்.