புதிய மேற்பார்வையாளருக்குத் தோள்கொடுப்பது எப்படி: தேயிலைத் தோட்ட மேலாளர்களுக்கு

நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேற்பார்வைக்கு வருபவர்களோ பெரும்பாலும் ஆண்கள். இந்த நிலையில், பறிக்கும் கூட்டத்திலிருந்தே ஒரு பெண்ணை மேற்பார்வையாளராக உயர்த்தினால், அவரை நிலைநிறுத்தும் பொறுப்பு உயர்த்திய மேலாளரையே சேரும்.

இயன்றவரை, கொழுந்து பெருகும் ஏப்ரல், மே மாதங்களில் பொறுப்பை மாற்றாதீர்கள். பனிக்காலத்தில் துளிர் குறைந்திருப்பதால், கற்றுக்கொள்ளவும் கேள்வி கேட்கவும் அவருக்கு நேரம் கிடைக்கும்.

முதல் நாள் காலையில், ஆள் கணக்கு எடுக்கும் இடத்திலேயே அவருடைய அதிகாரங்களை எல்லோர் முன்னிலையிலும் நீங்களே அறிவியுங்கள். நிரை (ஒவ்வொருவரும் பறிக்க வேண்டிய செடி வரிசை) பிரித்துக் கொடுப்பது, முற்றிய இலையைத் திருப்பித் தருவது, அரைநாள் விடுப்பு கொடுப்பது ஆகியவற்றில் எவை அவர் முடிவு, எவை உங்கள் முடிவு என்பது அப்போதே தெளிவாக வேண்டும். பழைய தோழிகள் அவரை ‘அக்கா’ என்று அழைத்தால் அதை மாற்றச் சொல்லாதீர்கள். மரியாதை அந்தச் சொல்லிலும் உண்டு.

உண்மையான சோதனை எடை போடும் இடத்தில்தான் வரும். மழை நாளில் இலை ஈரமாக இருக்கும். பல ஆண்டுகள் பக்கத்து நிரையில் நின்று பறித்த தோழியின் சாக்கில் கரட்டு இலை, அதாவது முற்றிய இலை, கலந்திருக்கும். தோழியின் முகத்தைப் பார்த்துப் புதிய மேற்பார்வையாளர் தயங்கினாலும் சிக்கல், மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று அளவுக்கு மீறிக் கண்டித்தாலும் சிக்கல். ஆகவே ஈரத்துக்கும் சாக்குக்கும் எடையில் எவ்வளவு கழிப்பது என்பதைப் பறிப்பு தொடங்குமுன்பே நீங்கள் அறிவித்துவிடுங்கள். தராசு காட்டும் எடையைப் பறித்தவருக்குக் காட்டி, உரக்கப் படித்து, அவர் கண்முன்னே எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துங்கள். எடை போடுவது இழுத்துக்கொண்டே போனால், சாக்கில் அமுங்கிய இலை சூடேறிச் சிவந்துவிடும் என்பதையும் விளக்குங்கள். காரணம் தெரிந்தவரை விரட்ட வேண்டிய தேவை குறையும். தொடக்க வாரங்களில் அருகில் நில்லுங்கள், ஆனால் குறுக்கே பேசாதீர்கள். தவறு கண்டால் மாலையில் தனியே சொல்லுங்கள். கழிவுக் கணக்கில் ஒருவருக்குக் கூலி குறைந்துபோயிருந்தால் மட்டும், அன்றே திருத்தி, திருத்தத்தை மேற்பார்வையாளர் வாயாலேயே அறிவிக்கச் செய்யுங்கள்.

பதிவேடு எழுதுவதை அலுவலக எழுத்தர் கற்றுத் தரலாம்.

தொழிலாளர் யாரேனும் நேரே உங்களிடம் முறையிட வந்தால், “முதலில் மேற்பார்வையாளரிடம் சொன்னீர்களா?” என்று கேளுங்கள். அவரைத் தாண்டி நீங்கள் ஒருமுறை முடிவு சொல்லிவிட்டால், அடுத்த முறை அவரிடம் யாரும் போகமாட்டார்கள். புகாரே அவர்மீது என்றாலோ, பாலியல் தொல்லை பற்றியது என்றாலோ, இந்தக் கேள்வியைக் கேட்காமல் உடனே நீங்களே நேரடியாகக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்; பாலியல் தொல்லைப் புகாரை விசாரிப்பது மட்டும் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவின் பொறுப்பு. இதையும் முதல் நாள் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.