மொட்டை மாடியில் பேய்க்கதை சொல்வது எப்படி

கோடை லீவுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்து, ராத்திரி கரண்டும் போய்விட்டால், பாயை விரித்த அஞ்சாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் "ஒரு பேய்க்கதை சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது செல்போன் டார்ச்சைத் தாடைக்குக் கீழே அடித்துக்கொண்டு ஊளையிடுகிற ஆள் நீங்கள் என்றால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், சின்னது கூடச் சிரிக்கும்.

முதலில் வெளிச்சம். செல்போன்களை எல்லாம் ஒரு தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு, ஒரே ஒரு அகல்விளக்கைத் தரையில், கேட்பவர்களுக்கு முதுகுப் பக்கமாக வையுங்கள். காற்றில் சுடர் அசையும்போது அவரவர் நிழலே எதிர்ச் சுவரில் பெரிசாக ஆடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அப்புறம் இடம். "ஒரு ஊர்ல ஒரு பாழடைஞ்ச பங்களா" என்று தொடங்கினால் கதை அங்கேயே செத்தது, ஏனென்றால் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற யாரும் பங்களாவுக்குப் போகப் போவதில்லை. கண்மாய்க்கரை டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த புளியமரம், காலையில் பால் வாங்கப் போகிற சந்து, இந்த வீட்டுக் கொல்லைக் கிணறு என்று அவர்கள் நாளைக்குக் கடந்தே ஆக வேண்டிய இடமாகப் பாருங்கள். நள்ளிரவுதான் வேண்டும் என்றும் இல்லை. நம் ஊர்ப் பேய்க்கு உச்சி வேளையும் உகந்ததுதான், சித்திரை வெயிலில் ஆளரவம் இல்லாத தெரு ராத்திரியை விடப் பயங்கரமாக இருக்கும்.

கதை உங்களுக்கு நடந்ததாக இருக்கக் கூடாது. நீங்கள்தான் கல்லு மாதிரி எதிரே உட்கார்ந்திருக்கிறீர்களே, என்ன பயம்? செத்துப்போன பெரிய தாத்தாவுக்கு நடந்தது என்று சொல்லுங்கள். அவர் குடிக்காதவர், பொய் சொல்லாதவர் என்பதை முதல் ரெண்டு நிமிஷத்திலேயே பேச்சுவாக்கில் சொல்லி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சித்தப்பா எழுந்து "அவரு போட்டுட்டு வந்திருப்பாரு" என்பார், கதை போச்சு.

எந்தப் பேய் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு அதன் சட்டதிட்டத்தை மீறாதீர்கள். மோகினி என்றால் மல்லிகை வாசம் முதலில் வரும், ஆள் பிறகு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கையால் கொடுத்தால் தீர்ந்தது, கத்தி முனையில் வைத்து நீட்டினால் தப்பலாம். கொள்ளிவாய்ப் பிசாசு என்றால் சதுப்பு நிலத்தின் மேலே தூரத்தில் எரிந்து எரிந்து அணைகிற வெளிச்சம். இந்த இடத்தில் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பிள்ளை கட்டாயம் "அது மீத்தேன், செடிகொடி அழுகி வர்ற வாயு" என்பான். சண்டைக்குப் போகாதீர்கள். "ஆமாப்பா, மீத்தேன்தான். தாத்தா நின்னா அதுவும் நின்னுச்சு, அது ஏன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு மேலே போய்க்கொண்டே இருங்கள்.

உருவத்தை வர்ணிக்கத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். வர்ணனையில் காரைக்கால் அம்மையாரை மிஞ்ச முடியாது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, வெளியே நீண்ட பல் என்று திருவாலங்காட்டுப் பேயை அங்கம் அங்கமாகப் பாடி, தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டவர் அவர். அதைப் படித்தால் எனக்குப் பயம் வருவதில்லை, வியப்புதான் வருகிறது. பயத்துக்குப் பாதி தெரிந்தால் போதும்: கதவிடுக்கில் புடவைத் தலைப்பு, அவ்வளவுதான்.

எந்தக் கதை என்று கேட்டால், அதே திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூர் நீலி கதையைத்தான் சொல்வேன். "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று திட்டுகிறோமே, அந்த நீலி. போன பிறவியில் தன்னைக் கொன்றவன் வணிகனாகப் பிறந்திருக்கிறான், அவனைப் பழிவாங்க அலைகிறாள். அவன் கையில் மந்திரித்த கத்தி இருப்பதால் நெருங்க முடியவில்லை. ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுட்டு ஓடறார்" என்று ஊர்ப் பெரியவர்கள் 70 வேளாளர் முன்னால் அழுகிறாள். "இவ பேய்" என்று அவன் கதறுகிறான். குழந்தையை இறக்கிவிட்டால் அது நேரே அவன் மடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் யார் நம்புவார்கள்? ரெண்டு பேரையும் ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். "கையில கத்தி வச்சிருக்காரே, என்னைக் கொன்னுடுவாரே" என்று மறுபடியும் அழுகிறாள். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் 70 பேரும் உயிரை விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து, பெரியவர்கள் கத்தியை வாங்கிக்கொள்கிறார்கள்.

இங்கே நிறுத்துங்கள். கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவன் இடுப்பிலிருந்து கத்தியை எடுப்பது, கொடுக்க மனசு வராமல் பிடித்துக்கொண்டே இருப்பது, பெரியவர் ஒருத்தர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்குவது, தலை குனிந்து அழுதுகொண்டிருந்தவளின் அழுகை டக்கென்று நிற்பது என்று இதற்கு மட்டும் மூணு நிமிஷம் எடுத்துக்கொள்ளலாம். விரல் பிரிக்கிறது நான் சேர்த்தது, நீங்கள் வேறு சேர்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகத்தான் சொல்கிறார்கள். கதவு சாத்துகிற சத்தத்துக்கு மேல் உள்ளே நடந்ததைச் சொல்லவே சொல்லாதீர்கள். விடிந்து கதவைத் திறந்தார்கள், அவன் மட்டும் கிடந்தான், 70 பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள், முடிந்தது.

குரலைப் பற்றி என் ஆச்சியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பாக்கு வெட்டிக்கொண்டேதான் கதை சொல்வாள். நறுக், நறுக் என்று பாக்குவெட்டிச் சத்தம் கதையோடு ஒரே சீராக வரும், நமக்கும் பழகி மறந்துபோகும். கதவு சாத்துகிற இடத்தில் வெட்டுவதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். நாங்கள் ஆறு பேரும் திரும்பிப் பார்க்கப் பயந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். என்னிடம் பாக்குவெட்டி இல்லை, வேர்க்கடலை உரிக்கிறேன், அதுவும் சரியாகத்தான் வருகிறது. முக்கியமான கட்டத்தில் குரலை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். கேட்பவர்கள் தானாக நெருங்கி வந்து உட்காருவார்கள்.

ஆறு ஏழு வயசுக்கு உட்பட்டது இருந்தால் முதலில் தூங்க வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு வருஷம் நான் அவசரப்பட்டுவிட்டேன், சித்தி மகள் மூணு நாள் பாத்ரூமுக்குத் தனியாகப் போகவில்லை, சித்தி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. திருநீறு பூசிப் படுக்க வைத்ததெல்லாம் ரெண்டாவது நாள்தான் வேலை செய்தது.

இன்னொன்று, கடைசியாக இறங்குகிற ஆள்தான் விளக்கை அணைத்து மாடிக் கதவைப் பூட்ட வேண்டும். அது யார் என்று கதை ஆரம்பிப்பதற்கு முன்பே சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்துவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் அந்த இன்ஜினியரிங் பையன்கூட வர மாட்டான்.