'தலித்' என்ற சொல்லை எழுத்தில் ஆளும் முறை

பிளத்தல், நொறுக்குதல் ஆகிய பொருள்களைத் தரும் சமஸ்கிருத வேரிலிருந்து மராத்தி வழியாகத் தமிழுக்கு வந்த சொல் 'தலித்'. நொறுக்கப்பட்டவர் என்பது அதன் நேர்பொருளாயினும், 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் இயக்கம் தோன்றிய பின்னர், எதிர்த்து நிற்கும் மக்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட அரசியல் பெயராக அது வேரூன்றியது. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தமிழிலும் பரவலாயிற்று. எனவே அரசியல், இலக்கியம், சமூக வரலாறு குறித்து எழுதும்போது இச்சொல்லைத் தயக்கமின்றி ஆளலாம்.

இடஒதுக்கீடு, தனித்தொகுதி, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் 'பட்டியல் சாதியினர்' என்றே எழுத வேண்டும். இரு சொற்களும் ஒன்றல்ல. பட்டியல் சாதிகளை வரையறுத்த 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களையும், 1956இல் சீக்கியரையும், 1990இல் பௌத்தரையும் மட்டுமே உள்ளடக்கியதால், 'தலித் கிறிஸ்தவர்' என்பது பொருத்தமான வழக்கு. 'பட்டியல் சாதிக் கிறிஸ்தவர்' என்பது சட்டப்படி பிழை.

'ஆதிதிராவிடர்' என்ற பெயருக்காக ஒடுக்கப்பட்டோரின் தலைவர் எம்.சி. ராஜா 1922இல் சென்னை சட்டமன்றத்தில் குரல்கொடுத்தார். இன்று அது அரசுத் துறையின் பெயரில் பொதுச்சொல்லாகவும், பட்டியலில் ஒரு சாதியின் பெயராகவும் நிற்பதால், அதே பட்டியலில் வேறொரு சாதியான அருந்ததியரைக் குறிக்க அதைப் பயன்படுத்துவது குழப்பம் தரும். தேவேந்திரகுல வேளாளருள் பலர் தலித் என்ற அடையாளத்தை ஏற்பதில்லை. தனிமனிதரைப் பற்றி எழுதுகையில் அவர் விரும்பும் பெயரைக் கேட்டறிந்து எழுதுவதே முறை. செய்திக்குத் தொடர்பில்லையெனில் சாதியையே குறிப்பிட வேண்டாம்.

'தாழ்ந்தோர்' என்று ஒருபோதும் எழுதலாகாது. 'தாழ்த்தப்பட்டோர்', 'ஒடுக்கப்பட்டோர்' என்னும் வடிவங்களில்தான் தாழ்த்தியவர் ஒருவர் உண்டு என்ற உண்மை தங்கியிருக்கிறது. காந்தி பரப்பிய 'ஹரிஜன்' என்பதை அம்பேத்கர் ஏற்கவில்லை. பழைய ஆவணங்களை மேற்கோள் காட்டும்போதன்றி அதைத் தவிர்க்க வேண்டும்.

வன்கொடுமைச் செய்திகளில் மிகுந்த கவனம் தேவை. தாக்குதலை 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று எழுதுவதும், தாக்கப்பட்டவரின் சாதியை மட்டும் சொல்லித் தாக்கியவர்களை 'மாற்றுச் சமூகத்தினர்' என்று மறைப்பதும் அநீதி. சாதியே குற்றத்தின் காரணமெனில், யார் யாரைத் தாக்கினர் என்பதை எழுவாயோடு எழுதுங்கள். காவல்துறை பதிந்த சட்டப்பிரிவையும் உடன் சேருங்கள்.